லேன் கணக்கு: உயர்நிலை மதர்போர்டில் எந்த ஸ்லாட்டில் எதைச் செருகுவது

விலை உயர்ந்த மதர்போர்டு ஒன்றின் படத்தைப் பார்த்தால் கார்டுகளுக்கான மூன்று நீளமான ஸ்லாட்டுகள், சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டிகளுக்கான நான்கைந்து எம்.2 இடங்கள், ஹார்ட் டிஸ்க்குகளுக்கான ஆறு அல்லது எட்டு சாட்டா போர்ட்டுகள் என எல்லாம் தாராளமாகத் தெரியும். இத்தனையும் இருப்பதால் அவற்றை ஒரே நேரத்தில், முழு வேகத்தில் பயன்படுத்தலாம் என்று வாங்குபவர் எண்ணுவது இயல்பே. சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் எண்ணினேன். மூன்றாவது எம்.2 எஸ்எஸ்டியைப் பொருத்திய அன்று மாலை, அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் கணினியில் தெரியாமல் போயின. கேபிள்களை மாற்றினேன், பவர் சப்ளையைச் சந்தேகித்தேன், டிஸ்க்குகளைக் கழற்றி வேறு கணினியில் போட்டுப் பார்த்தேன். எதிலும் பழுதில்லை. கையேட்டின் 20ஆம் பக்கத்துக்கு அருகே, எறும்பு எழுத்தில் அச்சிட்ட ஓர் அடிக்குறிப்பில் விடை இருந்தது: அந்த எம்.2 இடத்தைப் பயன்படுத்தினால் ஐந்தாம், ஆறாம் சாட்டா போர்ட்டுகள் இயங்காது. பெட்டியைத் திறக்கும் முன் ஐந்து நிமிடம் படித்திருந்தால் ஒரு வாரயிறுதி மிஞ்சியிருக்கும்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன படிக்க வேண்டும், அதை வைத்து எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு லேன் எவ்வளவு சுமக்கும்

கார்டுகளையும் எஸ்எஸ்டிகளையும் கணினியோடு இணைக்கும் பிசிஐஇ இணைப்பின் அடிப்படை அலகு லேன் (lane; நெட்வொர்க்கைக் குறிக்கும் LAN அல்ல). அனுப்ப ஒரு ஜோடி, பெற ஒரு ஜோடி என நான்கு செம்புக் கோடுகளால் ஆன தடம் அது. இரு திசைகளிலும் தரவு ஒரே நேரத்தில் ஓடும். ஒரு திசையின் நெரிசல் மறு திசையைப் பாதிக்காது. ஸ்லாட்டின் பெயரோடு வரும் ×1, ×4, ×8, ×16 ஆகியவை இத்தகைய தடங்கள் எத்தனை என்பதைச் சொல்கின்றன.

ஒரு லேன் ஒரு திசையில் சுமக்கும் அளவு தலைமுறைக்கு ஏறத்தாழ இரு மடங்காகிக்கொண்டே வந்துள்ளது. 2003இல் முழுமையாக வெளிவந்த 1.0 தலைமுறையில் நொடிக்கு 250 மெகாபைட், 2007இன் 2.0இல் 500 மெகாபைட், 2010இன் 3.0இல் சுமார் 985 மெகாபைட், 2017இன் 4.0இல் சுமார் 1.97 ஜிகாபைட், 2019இன் 5.0இல் சுமார் 3.94 ஜிகாபைட். ஆகவே 3.0 தலைமுறையின் ×16, 4.0இன் ×8, 5.0இன் ×4 ஆகிய மூன்றும் ஒரே அளவான, நொடிக்கு ஏறத்தாழ 15.75 ஜிகாபைட்டைத்தான் சுமக்கின்றன. இந்தச் சமன்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் கணக்குகளுக்குத் தாளும் பேனாவும் தேவைப்படாது.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஸ்லாட்டும் கார்டும் வெவ்வேறு தலைமுறையைச் சேர்ந்தவையானால், இரண்டில் பழையது எதுவோ அதன் வேகத்தில்தான் இணைப்பு அமையும். லேன் எண்ணிக்கையிலும் இரண்டில் சிறியதே நிலைக்கும். இன்டெல் எக்ஸ்540 சிப் கொண்ட 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டைப் பழைய சர்வர்களிலிருந்து மலிவாக வாங்குவோர் உண்டு. அது 2.1 தலைமுறையின் ×8 கார்டு. அதை, நீளமான கார்டும் நுழையும்படி திறந்த முனை கொண்ட 4.0 ×1 ஸ்லாட்டில் செருகினால், ஸ்லாட் நொடிக்கு 1.97 ஜிகாபைட் தரக்கூடியதாக இருந்தும், கார்டுக்குக் கிடைப்பது பழைய தலைமுறையின் ஒரே ஒரு லேன், அதாவது 500 மெகாபைட். 10 கிகாபிட்டுக்கு வேண்டியதோ 1.25 ஜிகாபைட். மார்வெல் ஏக்யூசி113 சிப் கொண்ட புதிய கார்டானால் அதே ×1 ஸ்லாட்டில் 4.0 வேகத்தில் பேசித் தன் வேலையை முழுமையாகச் செய்துவிடும். பழைய கார்டுகள் வேகத்தை லேன்களின் எண்ணிக்கையால் ஈட்டின, புதியவை தலைமுறையால் ஈட்டுகின்றன. எனவே பழைய கார்டுகளுக்கு அகலமான ஸ்லாட்டுகளை முதலில் ஒதுக்கிவிட வேண்டும்.

லேன்கள் எங்கிருந்து வருகின்றன

மதர்போர்டு எவ்வளவு விலையானாலும் அது லேன்களை உற்பத்தி செய்வதில்லை. சிபியுவும், மதர்போர்டில் அதன் துணைச் சிப்பான சிப்செட்டும் தரும் லேன்களை அது பங்கிட்டுக் கொடுக்கிறது, அவ்வளவே. சிபியுவிலிருந்து நேரே வருபவை ஆற்றிலிருந்து நேரே பாயும் தலைமடை நீரைப் போன்றவை. சிப்செட்டிலிருந்து வருபவை கிளை வாய்க்கால் நீர்: வாய்க்காலிலிருந்து எத்தனை மடை திறந்தாலும், அதற்குள் நுழையும் நீரின் அளவைத் தாண்டி எந்த வயலுக்கும் கிடைக்காது.

ஏஎம்டியின் ஏஎம்5 தளத்தை, அதாவது அந்தச் சாக்கெட்டையும் அதற்கான சிபியு, சிப்செட்டுகளையும் எடுத்துக்கொள்வோம். ரைசன் 7000, 9000 வரிசை டெஸ்க்டாப் சிபியுக்களில் 5.0 தலைமுறை லேன்கள் 28 இருக்கின்றன. கிராபிக்ஸுக்கு 16, முதல் எம்.2 இடத்துக்கு 4, இரண்டாம் எம்.2 இடத்துக்கோ யுஎஸ்பி4 சிப்புக்கோ 4, சிப்செட்டை இணைக்க 4. அந்தக் கடைசி நான்கும் 5.0 தகுதி உடையவையானாலும் எதிர்முனையில் உள்ள சிப்செட் 4.0 என்பதால் இணைப்பு 4.0 வேகத்திலேயே, அதாவது நொடிக்கு சுமார் 7.9 ஜிகாபைட்டாகவே அமைகிறது. நல்ல 4.0 எஸ்எஸ்டி ஒன்றே நொடிக்கு 7 ஜிகாபைட் படிக்கக்கூடியது என்பதைக் கருதினால் இது எவ்வளவு ஒடுங்கிய வாய் என்பது விளங்கும்.

எக்ஸ்670இ, எக்ஸ்870இ மதர்போர்டுகளில் இரண்டு சிப்செட் சிப்கள் சங்கிலியாக இணைக்கப்பட்டுள்ளன. இரண்டாவது சிப் முதல் சிப்பின் வழியாகவே சிபியுவை அடைகிறது. அதனால் இரண்டாம் சிப்பில் தொங்கும் எம்.2 இடமும் ஸ்லாட்டும் அசல் கடைமடைகள். அவை வேலைக்கு ஆகாதவை என்று சொல்ல வரவில்லை. எதைக் கடைமடையில் வைக்கலாம் என்பதை அறிந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எண் புதியதாக இருந்தால் லேன்கள் கூடும் என்று கொள்ளக் கூடாது. பெயரின் இறுதியில் 'இ' இல்லாத எக்ஸ்870இல் ஒரே ஒரு சிப்தான் உண்டு. ஆகவே அதற்கு முந்தைய எக்ஸ்670இயைவிட எக்ஸ்870இல் பயன்படுத்தக்கூடிய லேன்கள் குறைவு.

ஏஎம்5 சாக்கெட்டிலேயே பொருந்தும் ரைசன் 8000ஜி வரிசை சிபியுக்களோ வேறு கதை. 8700ஜியும் 8600ஜியும் கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கு 4.0 தலைமுறையில் 8 லேன்களை மட்டுமே தருகின்றன. 8500ஜி தருவது 4 மட்டுமே. எவ்வளவு உயர்ந்த மதர்போர்டில் வைத்தாலும் இது மாறாது.

இன்டெல் பக்கம் 12 முதல் 14ஆம் தலைமுறை வரையிலான எல்ஜிஏ1700 சாக்கெட் சிபியுக்களில் 5.0 லேன்கள் 16, 4.0 லேன்கள் 4. சிப்செட் இணைப்பு இசட்690, இசட்790 ஆகியவற்றில் 4.0 வேகத்தில் எட்டு லேன்கள் அகலமானது. ஏஎம்5இன் வாயைப் போல இரு மடங்கு. இசட்790 தன் பங்குக்கு 4.0 லேன்கள் 20, 3.0 லேன்கள் 8 வரை தருகிறது. ஆனால் எம்.2க்கெனத் தனியான 5.0 லேன்கள் இந்தச் சிபியுக்களில் கிடையாது. அப்படியிருந்தும் சில இசட்790 மதர்போர்டுகளில் 5.0 எம்.2 இடம் இருக்கிறதே என்றால், அது கிராபிக்ஸின் பதினாறிலிருந்து கடன் வாங்கியது. இந்தச் சிபியுக்கள் தம் பதினாறை ஒரே பதினாறாகவோ இரண்டு எட்டாகவோ மட்டுமே பிரிக்க வல்லவை. ஆகவே அந்த எம்.2 இடத்தில் எஸ்எஸ்டியைப் பொருத்திய உடனே கிராபிக்ஸ் கார்டு ×8க்கு இறங்கும். எஸ்எஸ்டி நான்கைப் பயன்படுத்த, மீதி நான்கு லேன்கள் யாருக்கும் பயனின்றிக் கிடக்கும். எனக்கு இது நல்ல பேரமாகத் தோன்றவில்லை. இந்தத் தளத்தில் 4.0 எஸ்எஸ்டியோடு நிறைவடைவதே மேல். எல்ஜிஏ1851இல் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையில் கிராபிக்ஸுக்கு 16 போக எம்.2க்கென்றே 5.0 லேன்கள் நான்கும், 4.0 லேன்கள் நான்கும் சிபியுவிலிருந்து கிடைப்பதால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

உண்மையான உயர்நிலைத் தளங்கள் தனி. அவற்றிலும் சிபியுவைப் பொறுத்தே எல்லாம் அமையும் என்பதற்கு 2014இல் வந்த இன்டெலின் எக்ஸ்99 நல்ல பாடம். ஒரே சாக்கெட்டில் கோர் ஐ7-5960எக்ஸ் 40 லேன்களையும் கோர் ஐ7-5820கே 28 லேன்களையும் தந்தன. ஆகவே ஒரே மதர்போர்டின் கையேட்டில் ஸ்லாட் அட்டவணை இரண்டு இருந்தது: முதல் சிபியுவோடு ×16, ×16, ×8 என இயங்கிய மூன்று ஸ்லாட்டுகள், இரண்டாவதோடு ×16, ×8, ×4 எனச் சுருங்கின. 2017இன் எக்ஸ்299இல் இது மேலும் கூடி 44, 28, 16 என மூன்று அட்டவணைகளாயிற்று. அந்தப் பதினாறு லேன் சிபியுவான கோர் ஐ7-7740எக்ஸை வைத்தால் எட்டு ரேம் இடங்களில் நான்கும் சேர்ந்து செயலிழந்தன. பழைய எக்ஸ்99, எக்ஸ்299 மதர்போர்டுகளை இரண்டாம் கையாக வாங்குவோர் மதர்போர்டை மட்டும் பார்த்து விலை பேசினால் ஏமாறுவது இதனால்தான். ஏஎம்டியின் த்ரெட்ரிப்பரில் இவ்வளவு குழப்பம் இல்லை. 3000 வரிசையும் டிஆர்எக்ஸ்40உம் 4.0 லேன்கள் 64ஐத் தந்தன, அவற்றில் எட்டு சிப்செட்டுக்கு; 2023இல் வந்த 7000 வரிசையில் டிஆர்எக்ஸ்50 மதர்போர்டுகளுக்கு 5.0 லேன்கள் 48, த்ரெட்ரிப்பர் ப்ரோவுக்கும் டபிள்யூஆர்எக்ஸ்90க்கும் 128.

கையேட்டில் எதைப் பார்ப்பது

வாங்குவதற்கு முன்பே கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம், அதற்குக் கட்டணமில்லை. முதலில் தேட வேண்டியது பிளாக் டயகிராம் எனப்படும் கட்டப் படம். சிபியு, சிப்செட் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் எம்.2 இடத்துக்கும் எத்தனை லேன்கள் போகின்றன என்பதைக் கோடுகளாக அது காட்டும். எல்லாத் தயாரிப்பாளரும் இதை வெளியிடுவதில்லை. வெளியிடும் தயாரிப்பாளரை நான் அதற்காகவே ஒரு படி மேலாக மதிப்பதுண்டு. படம் இல்லையென்றால் விவரப் பட்டியலின் விரிவாக்க ஸ்லாட்டுகள், சேமிப்பு என்ற இரண்டு பகுதிகளையும், அவற்றின் கீழ் உடுக்குறியிட்டு எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். உடுக்குறிக்குக் கீழே இருப்பதுதான் உண்மையான விவரப் பட்டியல்.

படிக்கும்போது நீளத்தையும் லேன் எண்ணிக்கையையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ×16 நீளமுள்ள ஸ்லாட்டில் நான்கு லேன்கள் மட்டும் இணைக்கப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். இரண்டே இணைக்கப்பட்டவையும் உண்டு. 'பிசிஐஇ 4.0 ×16 ஸ்லாட், ×4இல் இயங்கும்' என்று எழுதியிருந்தால் முதல் எண் கார்டு உள்ளே நுழையுமா என்பதற்கும், இரண்டாவது எண் அது எவ்வளவு வேகத்தில் ஓடும் என்பதற்கும் விடை. மதர்போர்டு கையில் இருந்தால் டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் பார்க்கலாம்: லேன் இல்லாத பகுதியில் உலோகத் தொடர்புக் கம்பிகளே பெரும்பாலும் இருக்காது.

பிறகு ஒரு தாளில் இரண்டு கட்டங்கள் வரைந்து, சிபியுவின் கீழ் வரும் இடங்களை ஒன்றிலும் சிப்செட்டின் கீழ் வருபவற்றை மற்றொன்றிலும் எழுதுங்கள். ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றொன்று சுருங்கும் அல்லது மறையும் என்று கையேடு சொல்லும் இடங்களைக் கோடிட்டு இணையுங்கள். இந்தத் தாள்தான் வழிகாட்டி. பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணிக்கை அல்ல.

பகிர்வு எப்படியெல்லாம் நடக்கிறது

மிக அதிகமாகக் காண்பது முதல் இரண்டு நீள ஸ்லாட்டுகளுக்கு இடையிலான பகிர்வு. கிராபிக்ஸுக்கான பதினாறில் முதல் எட்டு லேன்கள் எப்போதும் முதல் ஸ்லாட்டுக்கே போகும். மீதி எட்டும் சிறிய மாற்றுச் சிப்கள் வழியாகச் செல்லும். இரண்டாம் ஸ்லாட்டில் கார்டு இருக்கிறதென்று தெரிந்தால் அந்தச் சிப்கள் எட்டையும் அங்கே திருப்பிவிடும். இதில் பாதி வழி என்று ஒன்று இல்லை. இரண்டாம் ஸ்லாட்டில் நீங்கள் செருகியது ஒரே ஒரு லேன் போதுமான சவுண்ட் கார்டாக இருந்தாலும் முதல் ஸ்லாட் எட்டை முழுமையாக இழக்கும். சவுண்ட் கார்டு ஒன்றைப் பயன்படுத்த, ஏழு வீணாகும். எனவே சிறு கார்டுகளைச் சிப்செட்டின் ×1 அல்லது ×4 ஸ்லாட்டுகளில்தான் வைக்க வேண்டும். இடம் வசதியாக இருக்கிறது என்று இரண்டாம் ஸ்லாட்டில் வைப்பது, நான் பிறர் கணினிகளில் அடிக்கடி திருத்தும் பிழை.

இரண்டாவது வகை, என் வாரயிறுதியைத் தின்றது. சிப்செட்டின் சில தடங்கள் பிசிஐஇயாகவும் இயங்க வல்லவை, சாட்டாவாகவும் இயங்க வல்லவை. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். எம்.2 இடத்துக்கு அவற்றைக் கொடுத்தால் சாட்டா போர்ட்டுகள் போகும். பொருத்துவது சாட்டா வகை எம்.2 எஸ்எஸ்டியா, பிசிஐஇ வழியே பேசும் என்விஎம்இ வகையா என்பதைப் பொறுத்து மறையும் போர்ட்டின் எண்ணும் மாறலாம் என்பதால், கையேட்டின் வரியை உங்களிடம் உள்ள எஸ்எஸ்டியின் வகையோடு பொருத்திப் படிக்க வேண்டும்.

எக்ஸ்870, எக்ஸ்870இ மதர்போர்டுகளில் யுஎஸ்பி4 கட்டாயம். அதற்கான தனிச் சிப்புக்குச் சிபியுவின் நான்கு லேன்கள் வேண்டும். பல மதர்போர்டுகளில் இவை இரண்டாம் 5.0 எம்.2 இடத்துக்கு உரிய அதே நான்கு. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் யுஎஸ்பி4க்கு இரண்டு, எம்.2க்கு இரண்டு எனப் பங்கிடவோ ஒன்றை முழுமையாக நிறுத்தவோ தெரிவுகள் இருக்கும். யுஎஸ்பி4 உங்களுக்குத் தேவையில்லை என்றால் அதை நிறுத்திவிட்டு எம்.2க்கு நான்கையும் கொடுப்பது ஒரு நிமிட வேலை.

லேன்களைப் பகிர்ந்துகொள்ளப் பிரிஜ் சிப் வைப்பது இன்னொரு முறை. பிஎல்எக்ஸ் நிறுவனத்தின் பெக்ஸ் 8747 என்ற 48 லேன் சிப்பை எக்ஸ்99 காலத்துப் பணிநிலைய மதர்போர்டுகளில் பார்க்கலாம். அது மேலே பதினாறை வாங்கிக் கீழே இரண்டு பதினாறாகக் காட்டும். ஒரு நேரத்தில் ஒரு கார்டு மட்டும் பேசினால் அதற்கு முழு அகலமும் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து பேசினால் பங்கு. பின்னர் அச்சிப்களின் விலை ஏறியதால் சாதாரண டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் இவை அரிதாகிவிட்டன.

ஒரு கணினிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வீடியோ தொகுப்பாளர் ஒருவருக்கான கணினி என்று கொள்வோம். ரைசன் 9 சிபியு, எக்ஸ்670இ மதர்போர்டு. கிராபிக்ஸ் கார்டு ஒன்று, இயங்குதளத்துக்கும் நடப்பு வேலைக்குமாக 4.0 எஸ்எஸ்டிகள் இரண்டு, 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு, வெளியிலிருந்து வரும் வீடியோவைப் பதிவுசெய்யும் 2.0 தலைமுறை ×4 கேப்சர் கார்டு, பழைய காட்சிகளைச் சேமித்துவைக்க எட்டு ஹார்ட் டிஸ்க்குகள், அவற்றை இணைக்க எல்எஸ்ஐ 9211-8ஐ கார்டு. இந்தக் கார்டும் 2.0 தலைமுறைதான், ஆனால் ×8.

கேப்சர் கார்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் காத்திருக்கத் தெரியாத கருவி அதுதான். எஸ்எஸ்டி சற்றுத் தாமதித்தால் கோப்பு நகலெடுப்பது சற்று நீளும்; கேப்சர் கார்டு தாமதித்தால் ஃபிரேம் விழும், விழுந்தது திரும்ப வராது. 3840×2160 பிக்சல், நொடிக்கு 60 ஃபிரேம், 10 பிட், நிறத் தகவலைப் பாதியாகக் குறைக்கும் 4:2:2 என்ற அமைப்பில் ஒரு பிக்சலுக்கு 20 பிட் வீதம் கணக்கிட்டால் நொடிக்கு சுமார் 1.24 ஜிகாபைட் வருகிறது. 2.0 தலைமுறையின் நான்கு லேன்கள் 2 ஜிகாபைட் சுமக்கும். பாக்கெட் தலைப்புகளுக்கான கழிவு போனாலும் போதும். ஆனால் அதே கார்டை இரண்டு லேன்கள் மட்டும் உள்ள நீள ஸ்லாட்டில் வைத்தால் 1 ஜிகாபைட்தான், போதாது. கார்டு இயங்கும், மென்பொருள் அதைக் காட்டும், குறைந்த அளவுக் காட்சியைப் பதிவும் செய்யும், 4கே 60க்குப் போகும்போதுதான் சிக்கல் தெரியும். ஆகவே நான்கு லேன்கள் உறுதியாக உள்ள சிப்செட் ஸ்லாட் கேப்சர் கார்டுக்கு.

நெட்வொர்க் கார்டு 4.0 தலைமுறையைச் சேர்ந்ததாக இருந்தால் ×1 ஸ்லாட் போதும். கேப்சர் கார்டின் 1.24ஐயும் நெட்வொர்க்கின் 1.25ஐயும் கூட்டினால் சிப்செட்டின் 7.9 வாயில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இரண்டு எஸ்எஸ்டிகளும் சிபியுவின் எம்.2 இடங்களுக்கு. இது வரை யாருக்கும் இழப்பில்லை.

எல்எஸ்ஐ கார்டுக்குத்தான் இப்போது இடமில்லை. எட்டு டிஸ்க்குகளும் ஒன்றாகப் படிக்கும்போது, ஒன்றுக்கு 250 மெகாபைட் என்று வைத்தால் 2 ஜிகாபைட் வேண்டும். 2.0 தலைமுறையின் நான்கு லேன்கள் காகிதத்தில் அதற்குச் சரியாக இருக்கின்றன, நடைமுறையில் சற்றுக் குறையும். எட்டு லேன்களில் தாராளம். மீதமுள்ள ஒரே அகலமான இடம் சிபியுவின் இரண்டாம் நீள ஸ்லாட். அங்கே அதை வைத்தால் கிராபிக்ஸ் கார்டு ×8க்கு இறங்கும். பலர் இங்கே தயங்குவார்கள். நான் தயங்க மாட்டேன். 4.0 தலைமுறை கிராபிக்ஸ் கார்டுக்கு ×8 என்பது 3.0இன் முழு ×16க்குச் சமம். இன்றைய பெரிய கார்டுகளிலும் அதனால் விளையாட்டில் ஏற்படும் இழப்பு சில விழுக்காடுதான். கார்டு 5.0 தலைமுறையாக இருந்தால் அந்த எட்டே 31.5 ஜிகாபைட். ஆர்டிஎக்ஸ் 4060, 4060 டிஐ போன்ற கார்டுகள் பிறப்பிலேயே ×8 என்பதால் அவற்றுக்கு இழக்க எதுவுமே இல்லை. எச்சரிக்கை தேவைப்படுவது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல நான்கே லேன்களோடு வரும் கார்டுகளுக்கு: 4.0 ஸ்லாட்டில் ஒழுங்காக ஓடும் அது, பழைய 3.0 மதர்போர்டில் கண்கூடாகத் தளர்கிறது.

மூன்றாவது எஸ்எஸ்டி சேர்ந்தால் அது சிப்செட்டின் எம்.2 இடத்துக்குப் போகும். அங்குள்ள ஓர் எஸ்எஸ்டியிலிருந்து அதே சிப்செட்டின் இன்னோர் எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தால் வேகம் பாதியாகும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி அல்ல: படிக்கும் தரவு மேல்நோக்கியும் எழுதும் தரவு கீழ்நோக்கியும் போவதால் இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. மோதுவது ஒரே திசையில் போகும் இரண்டுதான். சிப்செட்டில் உள்ள இரண்டு எஸ்எஸ்டிகளை, தரவை இரண்டிலும் பங்கிட்டு ஒரே டிஸ்க்காகக் காட்டும் ரெய்டு 0ஆக இணைத்து ஒன்றாகப் படித்தால் 14 ஜிகாபைட் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர் 7.9க்கும் குறைவாகத்தான் காண்பார். அந்த நேரத்தில் கேப்சர் கார்டும் மேல்நோக்கி அனுப்பிக்கொண்டிருந்தால் ஃபிரேம் விழும் ஆபத்தும் உண்டு.

இந்தப் பட்டியலோடு இரண்டாவது கிராபிக்ஸ் கார்டும் மேலும் நான்கு எஸ்எஸ்டிகளும் வேண்டுமென்றால் ஏஎம்5, எல்ஜிஏ1851 இரண்டையும் விட்டுவிட்டு த்ரெட்ரிப்பரைப் பார்க்க வேண்டும். சாதாரணத் தளத்தின் மிக விலையுயர்ந்த மதர்போர்டு இந்த இடைவெளியை நிரப்பாது, ஏனெனில் அதனால் சிபியுவின் லேன்கள் கூடுவதில்லை.

கணக்குச் சரியாக வந்த பிறகும் ஸ்கேலை எடுத்து ஒருமுறை அளந்து பாருங்கள். ஏடிஎக்ஸ் என்ற மதர்போர்டு அளவுத் தரத்தில் ஸ்லாட்டுகளுக்கு இடைவெளி 20.32 மில்லிமீட்டர். மூன்று ஸ்லாட் தடிமன் உள்ள கிராபிக்ஸ் கார்டு தனக்குக் கீழேயுள்ள இரண்டு ஸ்லாட் இடங்களை மூடிவிடும். நீங்கள் நெட்வொர்க் கார்டுக்கு ஒதுக்கிய ×1 ஸ்லாட் அங்கேதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் உள்ள எம்.2 எஸ்எஸ்டியை முதலிலேயே பொருத்திவிடுவதும் நல்லது.

நான்கு எஸ்எஸ்டிகளைத் தாங்கும் கார்டு

ஒரே ×16 ஸ்லாட்டில் நான்கு எம்.2 எஸ்எஸ்டிகளை வைக்கும் மலிவான கார்டுகளில் எந்தப் பிரிஜ் சிப்பும் இல்லை. ஸ்லாட்டின் பதினாறு லேன்களைச் சிபியுவே நான்கு நான்காகப் பிரித்துக் கொடுத்தால்தான் அவை வேலை செய்யும். இதற்குப் பைஃபர்கேஷன் என்று பெயர். பயாஸில் அந்த ஸ்லாட்டுக்கான தெரிவை ×4×4×4×4 என்று மாற்ற வேண்டும்; மாற்றாவிட்டால் முதல் எஸ்எஸ்டி மட்டும் தெரியும். தெரிவு பயாஸில் இருக்கிறதா என்பது மதர்போர்டைப் பொறுத்தது, முடியுமா என்பது சிபியுவைப் பொறுத்தது. ஏஎம்5இன் ரைசன் 7000, 9000 வரிசை சிபியுக்களாலும் த்ரெட்ரிப்பராலும் முடியும். எல்ஜிஏ1700ஆல் முடியாது; எட்டு எட்டாகத்தான் பிரிக்கும் என்பதால் நான்கு எஸ்எஸ்டி கார்டில் இரண்டு மட்டுமே தெரியும். கோர் அல்ட்ரா 200எஸ் எட்டு, நான்கு, நான்கு வரை பிரிக்கும், ஆக மூன்று. இதை அறியாமல் கார்டையும் நான்கு எஸ்எஸ்டிகளையும் ஒரே நாளில் வாங்கிவிடுவது விலையுயர்ந்த பாடம். பிரிஜ் சிப் கொண்ட கார்டுகள் எந்த ஸ்லாட்டிலும் நான்கையும் காட்டும், ஆனால் விலை பல மடங்கு.

பொருத்திய பின் சரிபார்த்தல்

கணினி இயங்கிவிட்டது என்பதை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிசிஐஇ இணைப்பு குறைந்த அகலத்திலும் குறைந்த வேகத்திலும் எந்தப் புகாரும் சொல்லாமல் ஓடும் இயல்புடையது. விண்டோஸில் கிராபிக்ஸ் கார்டுக்கு ஜிபியு-இசட், மற்றவற்றுக்கு எச்டபிள்யூஇன்ஃபோ ஆகிய இலவச மென்பொருள்கள் ஒவ்வொரு கருவியின் அதிகபட்ச அகலத்தையும் நடப்பு அகலத்தையும் காட்டும். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையை நிர்வாகி உரிமையோடு, விரிவான வெளியீட்டுத் தெரிவு சேர்த்து இயக்கினால், இணைப்பின் தகுதியும் நடப்பு நிலையும் அடுத்தடுத்த வரிகளில் வரும். அதே கட்டளையின் மர வடிவத் தெரிவு எந்தக் கருவி சிப்செட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்பதையும் காட்டிவிடும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரை இணைப்பு வாரியாக அடுக்கினாலும் அதே விவரம் கிடைக்கும்.

கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த இணைப்பின் வேகத்தை 1.1 தலைமுறை வரை இறக்கிக்கொள்ளும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஜிபியு-இசட்டில் அந்த வரிக்கு அருகேயுள்ள கேள்விக்குறியை அழுத்திச் சிறு சோதனையை ஓடவிட்டால் உண்மையான வேகம் தெரியும். ஆனால் லேன் எண்ணிக்கை மட்டும் குறைந்திருந்து, அதற்குக் கையேட்டில் காரணமும் இல்லையென்றால், முதலில் கார்டைக் கழற்றித் தொடர்பு முனைகளைத் துடைத்து மீண்டும் செருகுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் சிபியு சாக்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்: வளைந்த ஒரே ஒரு பின்னோ, கூலரை ஒரு பக்கமாக இறுக்கியதோ லேன்களைக் காணாமல் ஆக்கப் போதும். ஸ்லாட்டை நீட்டித்துத் தரும் ரைசர் கேபிள் வழியாகக் கிராபிக்ஸ் கார்டை இணைத்திருந்து திரை அடிக்கடி கருமையானால், 3.0 தலைமுறைக் கேபிளில் 4.0 வேகம் ஓட முயல்வது காரணமாக இருக்கலாம். பயாஸில் அந்த ஸ்லாட்டைக் கையால் 3.0க்கு இறக்கிப் பாருங்கள்.

பயாஸைப் புதுப்பிக்கும்போது பைஃபர்கேஷனும் யுஎஸ்பி4 பங்கீடும் பெரும்பாலும் பழைய தானியங்கி நிலைக்குத் திரும்பிவிடும். புதுப்பிக்கும் முன் அந்தப் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கணினி எழும்போது நான்கு எஸ்எஸ்டிகளில் மூன்று காணவில்லை என்றால், ரெய்டு உடைந்துவிட்டதென்று எண்ணி எதையும் ஃபார்மட் செய்யாமல், முதலில் பயாஸுக்குள் சென்று அந்தத் தெரிவைப் பாருங்கள்.